கேள்வியோடு வரும் விந்தைகள்

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையில் கைபேசியைத் திறந்ததும் என்னென்ன வந்து விழுகின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஆழ்கடலில் தானே ஒளிவிடும் ஒரு மீன். மதராஸ் வீதியில் டிராம் ஓடும் பழைய படம். பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த, எதற்கென்று எவருக்கும் தெரியாத பித்தளைச் சாமான். விடை சொல்ல முடியாத ஓர் எண் புதிர். யாருமே படிக்க முடியாத எழுத்தில் ஒரு சுவடி. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதையெல்லாம் வெட்டிப் பொழுது என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனக்கு ஒரு காசு பயன் இல்லாத பொருளைப் பார்த்து "அட!" என்று நின்றுவிடுவது மனிதரிடம் இருக்கும் நல்ல குணங்களில் ஒன்று. பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டு, "இங்கே கொஞ்சம் பாருங்களேன்" என்று காட்டுவது அதைவிட நல்ல குணம்.

ஆனால் இந்த விந்தைகள் நம்மிடம் இரண்டு விதமாக வந்து சேர்கின்றன. சில, கேள்வியோடு வருகின்றன: இது என்ன, எங்கே கிடைத்தது, யாருக்காவது தெரியுமா? சில, தீர்ப்போடு வருகின்றன: இது இன்னதுதான், பெருமைப்படு, பத்துப் பேருக்கு அனுப்பு. கேள்வியோடு வந்தது பலர் கைபட்டு வளர்கிறது. தீர்ப்போடு வந்தது எத்தனை இலட்சம் பேரிடம் போனாலும் புறப்பட்டபோது இருந்தபடியே இருக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

விந்தையைக் கேள்வியோடு பகிரும் பழக்கம் இணையத்தோடு பிறந்ததல்ல. 1691இல் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வணிகர் 'ஏதெனியன் மெர்க்குரி' என்ற இதழைத் தொடங்கினார். யாரும் பெயர் சொல்லாமல் எதை வேண்டுமானாலும் கேட்டு எழுதலாம். கடிதங்கள் ஒரு காப்பிக் கடை முகவரிக்குப் போகும். டன்டனும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் பதில் எழுதுவார்கள். இறையியலும் வரும், இயற்கை அறிவியலும் வரும், காதல் சிக்கலும் வரும். எல்லாம் ஒரே தாளில்.

அங்கே கேட்பது ஊர், பதில் சொல்வது மூன்று நான்கு பேர். அதை மாற்றியவர் வில்லியம் ஜான் தாம்ஸ். நாட்டார் வழக்குகளைக் குறிக்க 'ஃபோக்லோர்' என்ற சொல்லை 1846இல் உருவாக்கியவர் இவர்தான். 1849 நவம்பரில் இவர் தொடங்கிய 'நோட்ஸ் அண்ட் குவெரிஸ்' இதழில் கேள்வியும் வாசகருடையது, பதிலும் வாசகருடையது. ஒரு பழமொழி எங்கிருந்து வந்தது, ஒரு கல்லறையில் இருக்கும் சின்னம் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்று ஒருவர் கேட்பார். எங்கோ ஒரு கிராமத்துப் பாதிரியாரோ பள்ளி ஆசிரியரோ தமக்குத் தெரிந்த ஒரு துண்டை எழுதி அனுப்புவார். தவறாக எழுதினால் இன்னொருவர் திருத்துவார். அந்த இதழ் இன்றும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

நம்மிடமும் இது இருந்தது. தமிழ்வாணன் ஆசிரியராக இருந்த 'கல்கண்டு' துணுக்குகளாலேயே பெயர் பெற்ற இதழ். நம்மில் பலருக்கு உலகத்தின் சன்னலைத் திறந்துவிட்டது அதுதான். சென்னையில் எஸ். முத்தையா 'தி இந்து' நாளிதழில் நெடுங்காலம் எழுதிய 'மெட்ராஸ் மிஸ்லேனி' பத்தியை நான் இன்னும் ஒரு படி மேலே வைப்பேன். ஒரு பழைய கட்டடத்தைப் பற்றியோ மறந்துபோன ஒரு மனிதரைப் பற்றியோ எழுதுவார். வாசகர்களிடமிருந்து கடிதம் வரும். கூடுதல் செய்தி வந்தாலும் மறுப்பு வந்தாலும் அதை அந்தப் பத்தியிலேயே வெளியிடுவார். 2019இல் அவர் மறைந்தபோது சென்னை இழந்தது ஒரு வரலாற்று எழுத்தாளரை மட்டும் அல்ல; கேள்விகள் வந்து சேரும் ஒரு முகவரியையும் இழந்தது.

சரி, இன்றைய காலத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானில் 2006இல் 'சுசுமியா ஹாருஹி' என்று ஓர் அனிமேஷன் தொடர் ஒளிபரப்பானது. முதல் பருவத்தில் 14 பகுதிகள். கதை நடக்கும் வரிசையில் அவற்றைக் காட்டாமல், முன்னும் பின்னுமாகக் கலைத்துக் காட்டினார்கள். எந்த வரிசையில் பார்ப்பது சரி என்று ரசிகர்களுக்குள் ஓயாத வாதம். 2011இல் ஒரு ரசிகர், '4சான்' என்ற, எவரும் பெயரே சொல்லாமல் எழுதும் தளத்தில் ஒன்றைக் கேட்டார்: இந்த 14 பகுதிகளையும், சாத்தியமான எல்லா வரிசைகளிலும் இடைவிடாமல் பார்த்து முடிக்க வேண்டுமானால், குறைந்தது எத்தனை பகுதிகளைப் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியின் ஆழம் புரிய, பகுதிகள் மூன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3 ஆகியவற்றை ஆறு வரிசைகளில் அடுக்கலாம். ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகப் பார்த்தால் மொத்தம் 18 பகுதிகள். ஆனால் ஒரு வரிசையின் வால் அடுத்த வரிசையின் தலையாக அமையும்படி பார்த்தால் மிச்சம் பிடிக்கலாம். 1, 2, 3, 1, 2, 1, 3, 2, 1 என்று ஒன்பதே பகுதிகளில் ஆறு வரிசைகளும் வந்துவிடுகின்றன. வீட்டுக்குப் போய்த் தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு பகுதிகள் என்றால் 33. ஐந்து என்றால் 153. இந்த எண்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அதே ஒழுங்குப்படி ஆறுக்கு 873 வர வேண்டும் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். 2014இல் ராபின் ஹூஸ்டன் என்பவர் 872இல் முடியும் ஒரு வரிசையைக் கண்டுபிடித்தார். ஒன்றே ஒன்று குறைவு. பழைய நம்பிக்கை அதோடு போயிற்று. ஆக, இது ரசிகர்களின் பொழுதுபோக்குக் கேள்வி மட்டும் அல்ல. கணிதர்கள் திணறிக்கொண்டிருந்த கேள்வியும் இதேதான்.

2011இல் அந்தக் கேள்வி எழுந்தபோது பெயர் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். இத்தனைக்குக் குறைவாகப் பார்த்து முடிக்கவே முடியாது என்று ஓர் எல்லையை வகுத்து, அதற்கான நிரூபணத்தையும் எழுதினார். 14 பகுதிகளுக்கு அந்த எல்லை 9,388 கோடியே 43 இலட்சத்து 13 ஆயிரத்து 611. ஒரு பகுதி 24 நிமிடம் என்று கொண்டால், கண்ணிமைக்காமல் பார்த்தாலும் ஏறத்தாழ 43 இலட்சம் ஆண்டுகள் ஆகும். அந்தத் தளத்தில் எழுதுவதெல்லாம் சீக்கிரம் அழிந்துபோகும். யாரோ ஒரு ரசிகர் இந்த நிரூபணத்தை மட்டும் எடுத்து வேறொரு பக்கத்தில் பத்திரப்படுத்தி வைத்தார். ஏழு ஆண்டுகள் அது அங்கே கிடந்தது.

2018 அக்டோபரில் அதே ராபின் ஹூஸ்டன் கண்ணில் அது பட்டது. இதற்கு முன் எவரும் வெளியிட்டிராத வலுவான எல்லை இது என்று அவர் உலகறியச் சொன்னார். ஜே பான்டோன், வின்ஸ் வாட்டர் என்ற இரு கணிதர்கள் அவருடன் சேர்ந்து அந்த நிரூபணத்தைச் சரிபார்த்து ஒழுங்கான கட்டுரையாக எழுதினார்கள். கட்டுரையில் முதல் ஆசிரியர் பெயர் என்ன தெரியுமா? 'பெயர் தெரியாத 4சான் பதிவர்'. அந்த மூவரின் நேர்மையை நான் வணங்குகிறேன். வேறு எவரும் உரிமை கோர முடியாத ஒன்றை அவர்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டிருக்கலாம், செய்யவில்லை. அதே மாதத்தில் ஆஸ்திரேலிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிரெக் ஈகன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்: இத்தனைக்குள் நிச்சயம் முடிக்கலாம் என்று ஒரு மேல் எல்லையைக் கட்டிக் காட்டினார். 14 பகுதிகளுக்கு அது 9,392 கோடியே 42 இலட்சத்து 30 ஆயிரத்து 411. சரியான விடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

கேட்டவர் ஒருவர். நிரூபித்தவர் ஒருவர். அழியாமல் எடுத்து வைத்தவர் ஒருவர். பல ஆண்டு கழித்து மதிப்பை அறிந்தவர் வேறொருவர். இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவில் இருக்கும் மூன்றாமவரைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு அந்த நிரூபணம் முழுதும் புரிந்ததா என்பதுகூடத் தெரியாது. இது போய்விடக் கூடாது என்று மட்டும் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து இன்னொன்று. 1980களில் ஓர் இளைஞர் வானொலிப் பாடல்களை கேசட்டில் பதிவு செய்தார். அறிவிப்பாளர் பேசுவதை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் பதிவு செய்வது அவர் வழக்கம். அதனால் ஒரு பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் தெரியாமல் போயிற்று. 2007இல் அவருடைய சகோதரி அதை இணையத்தில் ஏற்றி, இது யார் பாட்டு என்று கேட்டார். உலகம் முழுக்கத் தேடினார்கள். அதில் ஒலிப்பது 1983இல் சந்தைக்கு வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற மின்னணு வாத்தியம், ஆகவே பாட்டு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று காதை மட்டும் வைத்துக் காலத்தைக் கணித்தவர்கள் உண்டு. கடைசியில், பழைய வட்டாரச் செய்தித்தாள்களைப் புரட்டிய ஒருவர் கீல் நகரத்து 'ஃபெக்ஸ்' என்ற இசைக்குழுவின் தடத்தைப் பிடித்தார். 2024 நவம்பரில் விடை கிடைத்தது. பாடியவர்களுக்கே தங்கள் பாட்டை உலகம் தேடிக்கொண்டிருந்தது தெரியாது.

நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007இல் 'கேலக்சி ஜூ' திட்டத்தில் தன்னார்வலராக விண்மீன் திரள் படங்களை வகை பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு திரளுக்குப் பக்கத்தில் விநோதமான ஒரு திட்டைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார், அவ்வளவுதான். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின, ஹபிளும் படமெடுத்தது. திரளின் மையத்தில் ஒரு காலத்தில் கொழுந்துவிட்டு எரிந்து அடங்கிப்போன குவாசாரின் ஒளியால் இன்னும் மின்னும் வாயு மேகம் அது. இன்று அந்த மேகத்துக்கு அவர் பெயர்.

இனி இரண்டாம் வகை, தீர்ப்போடு வருபவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற செய்தி உங்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? கை தூக்க வேண்டாம், எல்லோருக்கும் வந்திருக்கும். நிழல் விழுகிறது. காலையிலோ மாலையிலோ கோயிலுக்குப் போய் நின்றால் எவரும் பார்க்கலாம். இது பொய் என்பதைவிட, இந்தப் பொய் எதை மறைக்கிறது என்பதுதான் எனக்கு வேதனை. 1010இல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் சுவர்களில் ராஜராஜன் எழுதிவைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்கு அழைத்துவரப்பட்ட ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் மகளிர், ஒவ்வொருவரின் பெயரும் அங்கே இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு நகரத்தின் சில தெருக்களில் யார் யார் குடியிருந்தார்கள் என்று நமக்குத் தெரியும்! கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் இந்தப் பட்டியல் அச்சாகி இருக்கிறது. இதைவிட வேறு விந்தை வேண்டுமா? ஆனால் உலவுவது நிழல்தான்.

இப்போது ஒரு மணியைப் பற்றிச் சொல்கிறேன். நான் இன்று பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

வில்லியம் கொலென்சோ இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். அச்சுத் தொழிலாளி, கிறித்தவ ஊழியர், தாவரவியலாளர். 1834 இறுதியில் ஓர் அச்சு இயந்திரத்தோடு நியூசிலாந்தில் இறங்கி, 1837இல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர். 1836 வாக்கில், வாங்கரேய் பக்கம் போனபோது, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமே இல்லை. விளிம்பு உடைந்துபோன ஒரு மணியைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் அவருக்குப் புரியாத எழுத்து. பெருங்காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்தது, தலைமுறைகளாக எங்களிடம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை அவர் வாங்கிக்கொண்டார்.

1865இல் டனீடின் நகரில் நடந்த நியூசிலாந்துப் பொருட்காட்சியில் மணியைப் பார்வைக்கு வைத்தார்கள். எழுத்துகளை வெளியூர்களில் பலரிடம் காட்டிக் கேட்டார்கள். தமிழ் என்று தெரிந்தது. முகையதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்பதே எழுத்தின் பொருள். கொலென்சோ அதை அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1899இல் இறந்தார். இன்று அது வெலிங்டனில் 'டெ பாப்பா' தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எவ்வளவு அருமையான பொருள்! ஆனால் இது நம் கைபேசிக்கு வரும்போது எப்படி வருகிறது? "நியூசிலாந்தை முதலில் கண்டுபிடித்தவன் தமிழன். சோழர் கடற்படை அங்கே போயிருக்கிறது. இதோ ஆதாரம்." முடிந்தது. அனுப்புபவர் மணியில் இருக்கும் பெயரைக்கூடப் படிப்பதில்லை. படித்திருந்தால் முதல் வரியிலேயே நின்றிருப்பார். முகையதீன் என்று தமிழ் முஸ்லிம்கள் போற்றுவது பாக்தாதில் அடங்கிய ஞானி அப்துல் காதிர் ஜீலானியை. முகையதீன் பக்ஷ் என்றால் அவர் அருளால் கிடைத்தவன் என்று பொருள். அந்த ஞானி காலமானது 1166இல். ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்குப் போனது 1025இல். அப்போது அவர் பிறக்கவே இல்லை. சோழன் கப்பலில் அவர் பெயர் எப்படி வரும்?

சோழனை எடுத்துவிட்டால் நமக்குப் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த இடத்தில் வந்து நிற்பவர் யார் என்று பாருங்கள். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நாகூரிலோ இருந்து அச்சே, கெடா, பினாங்கு என்று துணியும் அரிசியும் ஏற்றிப் போன தமிழ் முஸ்லிம் வணிகரான மரக்காயர். அரசர் படைக்கு மெய்க்கீர்த்தி உண்டு. இந்த வணிகருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய கப்பலுக்குத் தமிழில் பெயர் பொறித்த மணி ஒன்று, தமிழ் பேசும் எந்தக் கரையிலிருந்தும் எட்டாத தூரத்தில் கிடைத்திருக்கிறது. சோழன் பெயரைச் சொல்லிச் சொல்லி இந்த மனிதரை நாம் மறந்துபோகிறோம். இது எனக்குப் பெரிய அநீதியாகவே படுகிறது.

மணி அங்கே போனது எப்படி? ஆளில்லாமல் கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் மிதந்து போயிருக்கலாம் என்று ஒரு கருத்து. போர்த்துக்கீசியர் கப்பலில் போயிருக்கலாம் என்று இன்னொன்று. கை மாறிக் கை மாறி, கொலென்சோவுக்குச் சற்று முன்னால் வந்த ஏதோ ஒரு வணிகக் கப்பலில் போயிருக்கலாம் என்று நான் ஐயுறுகிறேன். மரத்தடிக் கதையை அப்படியே ஏற்றால் அது பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். மணியின் வயது பற்றியும் அறிஞர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை; 500 ஆண்டு என்போரும் உண்டு, அவ்வளவு பழமை இல்லை என்போரும் உண்டு. முகையதீன் பக்ஷ் என்பது உரிமையாளரின் பெயரா, கப்பலுக்கே வைத்த பெயரா என்றும் கேட்க வேண்டும். ஞானிகளின் பெயரைக் கப்பலுக்கு இடுவது அந்தக் கரைகளில் வழக்கம்தான்.

இவற்றுக்கு வெலிங்டனில் விடை கிடைக்காது. மணியைப் பற்றி அங்கே சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லிவிட்டார்கள். விடை இருந்தால் நம் கரையில்தான் இருக்க வேண்டும்: பழைய கப்பல் கணக்குகளில், சரக்குச் சீட்டுகளில், சொத்துப் பத்திரங்களில், கடன் ஓலைகளில், தர்காக்களுக்குக் கப்பல்காரர்கள் எழுதிக் கொடுத்த நேர்ச்சைக் குறிப்புகளில். அப்படி ஏதாவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுங்கள். எந்த ஊர், யார் வீடு, எந்த ஆண்டு என்று தெரிந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். படிக்க முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்றே எழுதி இணையத்தில் இடுங்கள். படிப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் ஊர்களைச் சேர்ந்தவர்கள் இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் என்னிடம் வாருங்கள். உங்கள் வீட்டில் சொல்லப்படும் பழைய கப்பல்களின் பெயர்களை நான் எழுதிக்கொள்ள வேண்டும்.